ஓதநாட்டின் ஆறாம் புத்தகம்

நோலீன் டல்லக் மூன்று தடவை மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். முதல் தடவை மின்னஞ்சலில். இரண்டாம் தடவை தொலைபேசியில். மூன்றாம் தடவை பிலிப்பாவின் முகத்துக்கு நேராகவே. பதிப்பகத்துக்காரி பிலிப்பா ஆக்லாந்திலிருந்து ஒரு பெரிய விமானமும் ஒரு குட்டி விமானமும் பிடித்து, நாட்டின் தென்கோடியில் இருக்கிற ஸ்டூவர்ட் தீவின் மேட்டுத் தெருவில் காற்றில் தலைமுடி பறக்க வந்து நின்றாள். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. நோலீன் எழுதிய ஓதநாட்டுக் கதைகளின் ஐந்து புத்தகங்களையும் பதினோரு வயதில், பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லிப் படித்து முடித்தவள். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவள் குரல் இறங்கிவிடும்.

"கடைசிப் புத்தகம் வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகுது, நோலீன். இன்னும் கடிதாசி வந்துக்கிட்டே இருக்கு. இன்னும் ஒண்ணே ஒண்ணு எழுதுங்க."

"அது முடிஞ்சுபோச்சும்மா."

"முடிஞ்ச அழகை நினைச்சா எனக்கு இப்பவும் நெஞ்சு அடைக்குது. ஈவென்னா துடுப்பை எடுத்துக்கிட்டுப் பனிக்குள்ள போறா. திரும்பிப் பார்க்கல. அப்புறம் ஒரு வெள்ளைப் பக்கம். அதுக்கப்புறம் கரை மட்டும்தான்."

"அவ்வளவு அழகா இருந்தா அதை ஏன் கெடுக்கணும்?"

பிலிப்பா டீயைக் குடித்துவிட்டு, கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு, மத்தியான விமானத்தில் போய்விட்டாள்.

ஓதநாட்டில் கடல் ஏழு வருஷம் நிறைந்திருக்கும், ஏழு வருஷம் வற்றிக் கிடக்கும். அங்கே வீடுகளெல்லாம் படகுகள். கடல் போனால் படகுகள் தரைதட்டி நிற்க, ஜனங்கள் கடலடியில் உழுது பயிர் செய்வார்கள். கடல் வந்தால் வலையை எடுப்பார்கள். ஐந்தாம் புத்தகத்தில் போன கடல் திரும்பி வரவில்லை. வரவேண்டிய வருஷம் தாண்டியும் வரவில்லை. கடைசியாக மிச்சமிருந்த ஒரு வாய்க்கால் தண்ணீரில் படகை இறக்கி, கடலைத் தேடிக்கொண்டு, மூடுபனிக்குள் தனியாகப் போகிறாள் ஈவென்னா. கடல் திரும்பி வருகிறது. அவள் வரவில்லை. கரையில் தம்பி ஊலன் நின்றுகொண்டிருக்கிறான்.

அந்த முடிவைப் பாராட்டி எழுதாதவர்கள் இல்லை. பல்கலைக்கழகத்தில் அதைப் பாடமாக வைத்தார்கள். விடைகொடுக்கத் தெரிந்த எழுத்தாளர் என்றார்கள். நோலீனுக்கு மட்டும் உண்மை தெரியும். அந்த வருஷம்தான் அவள் கல்யாணம் முறிந்தது. இரண்டு பெட்டியோடு தீவுக்கு வந்து, ஈர விறகு புகையும் இந்த வீட்டில் கம்பளி போர்த்தி உட்கார்ந்து, கடைசி நூறு பக்கத்தைப் பதினோரே நாளில் எழுதித் தள்ளினாள். எப்படியாவது முடிந்தால் போதும் என்றிருந்தது. பனி வந்ததும் அதற்குள் ஈவென்னாவின் பின்னால் போக அவளுக்குத் தெம்பில்லை. கரையிலேயே நின்றுகொண்டாள். அன்றைக்கே தபாலில் சேர்த்துவிட்டுப் படுத்தவள் இரண்டு நாள் தூங்கினாள்.

பிலிப்பா வந்துபோன செய்தி அன்று சாயங்காலத்துக்குள் தீவு முழுக்கத் தெரிந்துவிட்டது. நானூறு பேர் இருக்கிற ஊர். கடையில் ரொட்டி வாங்கப் போனால் இரண்டு கட்சி, எழுதணும் என்று ஒன்று, வேண்டாம் என்று ஒன்று. பக்கத்து வீட்டு டிப்பெனே காட் மீன் பிடிக்கிறவன். வேலிக்கு அந்தப் பக்கம் வலைக்கூடையைப் பிரித்துப் போட்டபடி தன் கருத்தைச் சொன்னான்.

"எழுதேன். குளிர்காலத்துல உனக்கு வேற என்ன வெட்டி முறிக்கிற வேலை?"

"நீ முதல் புத்தகத்தையே இன்னும் முடிக்கலையே டிப்பெனே."

"முடிக்கல. அதனால எனக்கு அஞ்சும் புதுசு. ஆறாவது வந்தா அதுவும் புதுசு. எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல."

அதற்குப் பிறகுதான் கனவு வர ஆரம்பித்தது.

அங்கே குளிர்காலமான ஜூலை மாதத்து மத்தியானங்களில் வெயில் வடக்கு ஜன்னல் வழியாக வந்து சோபாவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போகும். அந்த வெயிலில் நோலீனும் போய் உட்காருவாள். கூரையில் காகா கிளிகள் தகரத்தைக் கொத்திக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் மெல்ல மெல்ல யாரோ படகுக்கு ஆணி அடிக்கிற சத்தமாகும். பார்த்தால் அவள் ஓதநாட்டுத் துறையில் நின்றுகொண்டிருப்பாள்.

கடல் இல்லாத காலம். கண்ணுக்கெட்டிய தூரம் சேறும் பசும்பயிரும். சாய்ந்து கிடக்கும் படகுகளின் புகைபோக்கிகளிலிருந்து நூல்நூலாகப் புகை எழும்பும். எல்லோருக்கும் வயதாகியிருந்தது. அவள் விட்டுவந்தபோது பத்தொன்பது வயதுப் பையனாக இருந்த ஊலன் தலை நரைத்து, இடது காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தான். முதல் புத்தகத்தில் விலாங்கு மீன் விற்ற சிறுமி இப்போது மாமியாராகி, மருமகளைத் திட்டிக்கொண்டு போனாள். அவள் எழுதாத குழந்தைகள் சேற்றில் ஓடின. ஒருவரும் நோலீனை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. தண்ணீர்க்குடம் தூக்கி வந்த ஒருத்தி மட்டும், "கொஞ்சம் வழியை விட்டு நில்லுங்க" என்றாள். நோலீன் ஒதுங்கி நின்றாள்.

கண் விழிக்கும்போது வெயில் ஒரு சாண் நகர்ந்திருக்கும். மூக்கில் சேற்று வாசனை இருந்துகொண்டேயிருக்கும்.

மூன்றாவதோ நாலாவதோ கனவில்தான் அவள் பனியைக் கவனித்தாள். வயல்களுக்கு அப்பால், வானத்தின் பாதி உயரத்துக்கு, சிக்கெடுக்காத கம்பளிபோல அது அசையாமல் நின்றது. அந்தத் துறையில் யாரும் அந்தத் திசையில் முகம் திருப்பவேயில்லை. கைவேலை அந்தப் பக்கம் இருந்தாலும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் செய்தார்கள்.

ஆகஸ்ட் முதல் வாரம் நோலீன் எழுத உட்கார்ந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. உட்கார்ந்தால் ஒன்றும் ஞாபகம் இல்லை. ஊலனுக்கு எந்தக் காது கேட்காது? படகுகளுக்குப் பின்பக்கம் கதவு உண்டா? தன் புத்தகங்களைத் தானே இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு எடுத்துப் படித்தாள். முதல் மூன்றை யாரோ எழுதியதைப் படிப்பதுபோல் படித்துச் சில இடங்களில் வாய்விட்டுச் சிரித்தாள். ஐந்தாம் புத்தகத்தின் கடைசியில் அவளுக்குக் குளிரெடுத்தது. ஏன் என்று தெரியவில்லை. விறகு போட்டும் அந்தக் குளிர் போகவில்லை.

ஈவென்னா திரும்பி வருவதாக எழுதினாள். வேறெதற்கு வாசகர்கள் இத்தனை வருஷம் காத்திருக்கிறார்கள்? நாலு பக்கம். ஊரே துறையில் கூடுகிறது, ஊலன் ஓடிவந்து கட்டிக்கொள்கிறான், ஒரு கிழவர் பேசுகிறார். படித்துப் பார்த்தால் நகரசபை வரவேற்பு விழாபோல் இருந்தது. திருப்பி எழுதினாள். கிழவரை எடுத்தாள். ஊலனை ஓடவிடாமல் நடக்கவைத்தாள். பதினோரு தடவை எழுதியும் ஈவென்னா படகிலிருந்து இறங்கி, ஜனங்களைப் பார்த்து, மேடையில் வசனம் மறந்தவள்போல் நின்றாள்.

அந்தச் சமயத்தில்தான் தண்ணீர் மோட்டார் படுத்துவிட்டது.

தீவின் பிளம்பர் குளிருக்குப் பயந்து ஆஸ்திரேலியாவில் மகள் வீட்டில் இருந்தான். நீரிணைக்கு அந்தப் பக்கம் ப்ளஃப் ஊரிலிருந்து ஒருத்தியை வரச் சொன்னார்கள். காலைப் படகில் வந்து இறங்கியவள் படித்துறைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றுவிட்டுத்தான் மேடேறினாள். அகலமான தோள், வெட்டிவிட்ட முடி, முப்பத்தைந்து வயது இருக்கும். படகின் ஆட்டத்தில் முகம் வெளிறிக் கிடந்தது.

"என் பேரு ஈவ். தொட்டி எங்க இருக்கு?" என்றாள். "பேச வெச்சுடாதீங்க. வாயைத் திறந்தா வந்துடும்."

மத்தியானம் வரை தொட்டிக்கடியில் படுத்துக்கிடந்தாள். மோட்டாரைப் பிரித்து, உள்ளே அடைத்திருந்த இலைச்சகதியைத் தோண்டி எடுத்து, வாஷர் மாற்றி ஓடவைத்துவிட்டாள். அதற்குள் கடல் பொங்கி, மாலைப் படகு ரத்து என்று செய்தி வந்தது. டிப்பெனே வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, நாளைக்கும் படகு சந்தேகம்தான் என்று சந்தோஷமாகச் சொன்னான்.

"இங்கேயே தங்கிக்கோங்க. அந்த ரூம்ல கட்டில் இருக்கு" என்றாள் நோலீன்.

ஈவ் கை கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். சூப்புக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டே சுவரிலிருந்த அலமாரியைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஓதநாட்டுக் கதைகள் பல மொழிகளில் அங்கே வரிசையாக நின்றிருந்தன, எல்லாவற்றின் முதுகிலும் ஒரே பெயர்.

"நீங்கதானா அது" என்றாள்.

"ஆமாம்."

"ஈவ்னு சொன்னது பாதிப் பேர்தான். முழுப் பேர் ஈவென்னா."

"மன்னிச்சுக்கோங்க" என்றாள் நோலீன்.

ஈவ் சூப்பை ஒரு வாய் குடித்தாள். "எத்தனை வீடு, எத்தனை குழாய்… பில்லுல பேரைப் பார்த்துட்டு, 'ஐயோ, அந்த ஈவென்னாவா, படகெல்லாம் ஓட்டுவீங்களா'ன்னு கேட்பாங்க. எனக்குக் குளியல் தொட்டியில தண்ணி ஆடினாலே வாந்தி வரும். எல்லாம் எங்கம்மா பண்ணின வேலை."

"நீங்க படிச்சிருக்கீங்களா?"

"ஒரு பக்கம்கூட இல்ல. சின்ன வயசுல இருந்து அவ என்ன பண்ணினா, எப்படிப் போனான்னு கேட்டுக் கேட்டு… போதும்னு ஆயிடுச்சு. கோபம்லாம் இல்ல. அவளுக்கும் எனக்கும் சம்பந்தமில்ல, அவ்வளவுதான்." பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்மாதான் உங்க மேல செம கடுப்புல இருக்காங்க" என்றாள்.

"என் மேலயா?"

"முடிவு பிடிக்கல. கோர்னு அம்மா இருக்கிற ஊரு, அங்க எங்க ஏரியா முழுக்கத் தெரியும். பிடிக்கலைன்னு அவங்களே ஆறாவது புத்தகம் எழுதி வெச்சிருக்காங்க. ஒன்பது நோட்டு. எழுதி இருபது வருஷம் ஆச்சு. இறைச்சி ஃபாக்டரியில அம்மாவோட வேலை பார்த்த நாற்பது பேரும் படிச்சாச்சு."

நோலீன் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். நாற்பது பேர் படித்த ஆறாம் புத்தகம் ஒன்று, கடலுக்கு அந்தப் பக்கம், எண்பது மைலுக்குள், இருபது வருஷமாக இருந்திருக்கிறது. அவள் மனசுக்குள் முதலில் எழுந்தது கோபம்தான். என் வீட்டுக்குள் யார் புகுந்தது என்பதுபோல. அடுத்த நிமிஷமே, கனவில் வழிவிட்டு ஒதுங்கி நின்றது ஞாபகம் வந்தது.

"நான் அதைப் படிக்கலாமா?" என்றாள்.

"அதை அம்மாகிட்டதான் கேட்கணும்" என்றாள் ஈவ். "அடிக்க மாட்டாங்க. ஆனா திட்டுவாங்க."

இரண்டு நாள் கழித்துக் கடல் அடங்கியதும் இருவரும் ஒன்றாகவே கடந்தார்கள். ஈவ் கண்ணை மூடிக்கொண்டு, தலையைக் கம்பியில் சாய்த்துக்கொண்டு வந்தாள். நோலீன் வெளியே நின்று, அலைகளின் பள்ளத்துக்குள் இறங்கி மறைந்து மறுபடி எழுகிற அல்பட்ராஸ் பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ப்ளஃபிலிருந்து ஈவின் வேனில், குழாய்த் துண்டுகள் பின்னால் கடகடவென்று உருள, உறைபனி வெளுத்த மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே கோருக்குப் போனார்கள். ஆடுகள் மூச்சு விடுவது தெரிந்தது.

ஈவின் அம்மா மேவிஸ் கதவைத் திறந்தாள். குட்டையான உருவம், எழுபத்துமூன்று வயது, வருஷக்கணக்காக இயந்திரச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். மகளைப் பார்த்தாள். மகளுக்குப் பின்னால் நின்றவளை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"போன்ல சொன்னப்போ கிண்டல் பண்றேன்னு நினைச்சேன் ஈவென்னா" என்றாள். பிறகு நோலீனிடம், "இருபத்திரண்டு வருஷமா மனசுக்குள்ள உங்ககூட சண்டை போட்டுக்கிட்டிருக்கேன். பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வாங்க. முதல்ல சாப்பாடு."

சுருட்டிச் சுட்ட சீஸ் ரோல்கள் தட்டு நிறைய வந்தன, மேலே வெண்ணெய் உருகி வழிய. மேவிஸ் எதிரில் உட்கார்ந்து, நோலீன் மூன்றாவதை எடுக்கும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு எழுந்துபோய், ரொட்டி டப்பாவுக்குப் பக்கத்திலிருந்து ஒன்பது பள்ளிக்கூட நோட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். எல்லாம் சிவப்பு அட்டை. மூலைகள் மடங்கிப் பஞ்சாகியிருந்தன.

"எனக்கு ஸ்பெல்லிங் வராது. சிரிக்கக்கூடாது."

வீட்டுக்குப் பின்னால் கண்ணாடி அடைத்த ஒரு சின்ன அறை இருந்தது. தக்காளிச் செடிகளின் காய்ந்த தண்டுகளுக்கு நடுவே ஒரு பிரம்பு நாற்காலி. அன்றிரவு அங்கேயே தங்கிய நோலீன், மறுநாள் காலையிலிருந்து மூன்று மணி வரை அதில் உட்கார்ந்து படித்தாள். வெயில் கண்ணாடியில் பட்டு உள்ளே இதமான மயக்கம் பரவியது. படிப்பதும் கனவு காண்பதும் அவளுக்கு ஒன்றோடொன்று கலந்துவிட்டன. எழுத்துப் பிழைகள் ஏராளம். ஒருவன் மூன்றாம் நோட்டில் செத்து ஐந்தாம் நோட்டில் கல்யாணம் செய்துகொண்டான். ஓரங்களில் வேறுவேறு கையெழுத்துகள்: 'அழுதுட்டேன் – ஷெர்லி'. 'இவனை நம்பாதே'. 'டீ டைம் முடிஞ்சுபோச்சு, பாவி, இந்த இடத்துலயா நிறுத்துவே'. ஒரு பக்கம் கொழுப்புக் கறை படிந்து கண்ணாடிபோல் ஆகியிருந்தது.

எட்டாம் நோட்டில் ஈவென்னா திரும்பி வந்தாள். கடல் மறுபடி வற்றிய பிறகு, கடலடியிலேயே நடந்து, ஒரு சாயங்காலத்தில் தனியாக வருகிறாள். துறையில் யாரும் இல்லை. வீட்டுப்படகின் ஏணியில் ஏறிக் கதவைத் திறக்கிறாள். ஊலன் அடுப்புக்கு முன்னால் குனிந்து எதையோ கிளறிக்கொண்டிருக்கிறான். திரும்பிப் பார்க்காமலே சொல்கிறான்: 'கதவைச் சாத்து, குளிருது.'

நோலீன் அதை மறுபடி படித்தாள். பதினோரு தடவை தான் எழுதிக் கிழித்ததை நினைத்தாள். பொறாமை அவளை நெஞ்சில் குத்தியது. அப்புறம் அதுவும் போய், நோட்டை மார்போடு வைத்துக்கொண்டு, வயதானவர்கள் அழுவதுபோல, சத்தமில்லாமல், முகம் மாறாமல் அழுதாள்.

மேவிஸ் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தாள்.

"எந்த இடம்?"

"கதவு."

"ம். அங்கதான் எல்லாரும் அழுவாங்க."

"மேவிஸ், முடிவு ஏன் உங்களுக்குப் பிடிக்கல? எல்லாரும் நல்லா இருக்குன்னு சொன்னாங்களே."

"எல்லாரும் சொல்லட்டும். பதினாலாம் அத்தியாயத்துக்கு அப்புறம் உங்க புத்தகத்துல யாருமே சாப்பிடல."

நோலீனுக்குப் புரியவில்லை.

"முதல்ல இருந்து ஜனங்க தின்னுக்கிட்டே இருப்பாங்க. விலாங்கு, கஞ்சி, அந்த உப்பு ரொட்டி. எனக்கு அதுதான் பிடிச்சுது. சண்டைக்கு நடுவுலகூட ஒருத்தன் எதையாவது மென்னுக்கிட்டு இருப்பான். கடைசி நூறு பக்கத்துல ஒரு வாய் கிடையாது. பனிக்குள்ள போறவ கையில ஒரு ரொட்டித் துண்டு கட்டிக் குடுக்க ஆள் இல்லையா அந்த ஊர்ல? அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இந்தப் பொம்பளை பார்க்கிறதை நிறுத்திட்டா, கையை உதறிட்டு ஓடப் பார்க்கிறான்னு." பேசப் பேச மேவிஸின் மரியாதை கழன்றுவிட்டது. "என்ன ஆச்சு உனக்கு அப்போ?"

இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. நோலீன் சொன்னாள். ஈர விறகு, இரண்டு பெட்டி, பதினோரு நாள். "நானும் சாப்பிடல" என்றாள். "டோஸ்ட், டீ. அதுவும் சில நாள்தான்."

"அதான் பார்த்தேன்" என்றாள் மேவிஸ்.

"நான் மறுபடி எழுத ஆரம்பிச்சிருக்கேன்" என்றாள் நோலீன். "ஆறாவது. எழுதவா, விட்டுடவா? நீங்க சொல்லுங்க."

மேவிஸ் உடனே சந்தோஷப்படுவாள் என்று அவள் எதிர்பார்த்தாள். மேவிஸ் வாளியை விட்டு எழுந்து, செடியிலிருந்து ஒரு காய்ந்த தண்டை ஒடித்து, அதைத் துண்டு துண்டாக ஒடித்துக்கொண்டே நின்றாள்.

"உன் ஊரு, உன் ஆளுங்க. எழுதாதேன்னு சொல்ல நான் யாரு? ஆனா என்கிட்ட காட்டாதே. என் ஈவென்னா வீட்டுக்கு வந்துட்டா. அடுப்பு எரியுது, கதவு சாத்தியாச்சு. நீ எழுதி அச்சுல வந்துச்சுன்னா, அதுதான் நிஜம்னு ஆயிடும். என்னோடது வெறும் நோட்டு ஆயிடும்."

"அந்த வரியை…" என்று நோலீன் ஆரம்பித்தாள்.

"குடுக்க மாட்டேன்."

"கேட்க வரல. அதைவிட நல்லா என்னால எழுத முடியாதுன்னு சொல்ல வந்தேன்."

மேவிஸ் அவளைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உன் ஊரையே கேட்காம எடுத்துக்கிட்டவ நான். உன்கிட்ட இருந்து ஒரு வரியைக் காப்பாத்திக்கிட்டு நிக்கிறேன் பாரு" என்றாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்புச் சத்தம் கேட்டுச் சமையலறையிலிருந்து ஈவ் எட்டிப் பார்த்து, அடிதடி இல்லை என்று தெரிந்ததும் போய்விட்டாள்.

மறுநாள் தனியாகப் படகேறினாள் நோலீன். அன்று காற்றே இல்லை. பாதி நீரிணையில் கடற்பனி இறங்கி, முன்னாலும் பின்னாலும் ஒன்றும் தெரியாமல், படகோட்டி வேகத்தைக் குறைத்துவிட்டான். இயந்திரம் தாழ்ந்த குரலில் முனகிக்கொண்டிருந்தது. ஈரம் கண்ணாடியில் முத்து முத்தாகத் திரண்டு, ஒன்றையொன்று தொட்டு, ஓடியது. நோலீனுக்குக் கண் சொருகியது.

இந்தத் தடவை அவள் துறையில் நிற்கவில்லை. ஒரு சின்னப் படகின் பின்பலகையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஈவென்னா துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு மட்டும் வயதாகவில்லை. விட்ட இடத்திலேயே இருந்தாள், அதே கிழிந்த தோள்துணி. சுற்றிலும் வெள்ளை. நீர் சொட்டுகிற சத்தம். எங்கேயோ, கீழே வெகு ஆழத்தில், கடல் தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல் ஒரு முனகல். ஈவென்னா எதுவும் கேட்கவில்லை, குற்றம் சொல்லவும் இல்லை. களைத்துப்போனவள் முறை மாற்றிக்கொள்வதுபோல் ஒரு துடுப்பை மட்டும் நோலீன் பக்கம் நீட்டினாள். பிடித்துப் பார்த்தால் கைப்பிடி அவள் உள்ளங்கைக்குச் சூடாக இருந்தது.

விழித்தபோது படகு துறைக்கு வந்துவிட்டிருந்தது. எல்லோரும் இறங்கிப்போயிருந்தார்கள்.

அன்றைக்கே எழுத உட்கார்ந்தாள். திரும்பி வந்த காட்சி நாலு பக்கத்தையும் அடுப்பில் போட்டாள். இத்தனை நாளாகக் கரையிலேயே நின்று ஈவென்னாவை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது தவறு என்று பட்டது. அவள் எங்கே போனாளோ அங்கேதான் போகவேண்டும். பனிக்குள் முதல் நாள், முதல் வளைவு, படகின் அடியில் ஏதோ உரசுகிற சத்தம். அவளுக்கே என்ன வரப்போகிறது என்று தெரியவில்லை. காலையில் கஞ்சி வைத்துச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் மத்தியானம் டிப்பெனே வேலியைத் தட்டி மீன் வேண்டுமா என்று கேட்கும்வரை அங்கேயே இருப்பாள். சோபாவில் வெயில் தன்பாட்டுக்கு வந்துபோயிற்று. அவள் தூங்கவில்லை. கனவு வருவதும் நின்றுவிட்டது. அதற்கு இனி வேலை இல்லை போலும்.

பிலிப்பாவிடம் சரி என்று சொன்னாள். எப்போது முடியும் என்று கேட்கக்கூடாது என்றாள். இரண்டரை வருஷம் ஆயிற்று. பனிக்குள் ஈவென்னா கழித்த ஏழு வருஷம் மட்டும்தான் புத்தகம். கடைசிப் பக்கத்தில் கடல் மெல்ல வற்றத் தொடங்குகிறது, படகு தரைதட்டுகிறது, அவள் ஒரு காலைச் சேற்றில் ஊன்றி, ஆழம் பார்க்கிறாள். அவ்வளவோடு நிறுத்திவிட்டாள்.

பிலிப்பா படித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பாராட்டினாள். பிறகு கெஞ்சினாள்.

"அற்புதமா இருக்கு. ஆனா அவ வீட்டுக்கு வரலையே நோலீன். இன்னும் ஒரே ஒரு அத்தியாயம். ஊலனைப் பார்க்கவேண்டாமா? ஜனங்க என்னைக் கொன்னுடுவாங்க."

"வேண்டாம்மா."

"ஏன்? காரணமாவது சொல்லுங்க."

"அந்த இடம் வேறொருத்தருக்கு" என்றாள் நோலீன். அதற்கு மேல் அவளிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை.

புத்தகம் வந்தது. கொண்டாடினவர்கள் உண்டு. இதை எழுதாமலே இருந்திருக்கலாம், பழைய முடிவின் அழகு போயிற்று என்று எழுதினவர்களும் உண்டு. அவர்களுக்கு அவள் பதில் எழுதவில்லை. அவர்கள் சொல்வதில் நியாயம் இருப்பதாகவும் ஒருநாள் டிப்பெனேயிடம் சொன்னாள். மேவிஸுக்கு ஒரு பிரதி அனுப்பினாள், படிக்கவேண்டாம் என்று ஒரு சீட்டோடு. மேவிஸ் மேலே சுற்றியிருந்த தாளைப் பிரிக்காமலே ரொட்டி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள் என்று ஈவ் சொல்லித் தெரிந்தது.

அந்த ஈவ்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டாள்.

"நோலீன், நான் படிச்சுட்டேன். ஆறும். ஏழு மாசம் ஆச்சு. வேனுக்குள்ள உட்கார்ந்து, மத்தியான சாப்பாட்டு நேரத்துல."

"ஏன் படிச்சே? சம்பந்தமில்லைன்னு சொன்னியே."

"சம்பந்தமில்லதான். சும்மா, யாருன்னு பார்க்கலாம்னு." பின்னால் ஒரு நாய் குரைத்தது. "முடிச்சுட்டு அம்மாவோட எட்டாவது நோட்டை எடுத்துப் பார்த்தேன். நீங்க நிறுத்தின இடத்துல இருந்துதான் அவ நடக்க ஆரம்பிக்கிறா. கால்ல சேறுகூட அதே சேறு. வேணும்னுதானே அப்படி வெச்சீங்க?"

நோலீன் போனோடு ஜன்னலோரம் போய் நின்றாள்.

"அம்மாகிட்ட சொல்லட்டுமா?"

ஜன்னலுக்கு வெளியே ஓதம் இறங்கிக்கொண்டிருந்தது. டிப்பெனே ரப்பர் பூட்ஸோடு மணலில் இறங்கி, கவிழ்த்துவைத்த தன் தோணிக்கு வெள்ளை வர்ணம் அடிக்க டப்பாவைத் திறந்துகொண்டிருந்தான். காற்றில் அந்த வர்ண வாசனை மெல்ல வீட்டுக்குள் வந்தது.

"சொல்லாதே" என்றாள் நோலீன். "அவங்க என்னிக்காவது தாளைப் பிரிச்சாங்கன்னா, அவங்களே பார்த்துக்கட்டும்."

"பிரிக்கவே இல்லைன்னா?"

"இல்லைன்னா என்ன. ஈவென்னா வீட்டுலதானே இருக்கா."

போனை வைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, டிப்பெனேயிடம் இன்னொரு பிரஷ் இருக்கிறதா என்று கேட்கலாமென்று அவள் கரைக்கு இறங்கிப் போனாள்.